எம்.எல்.ஏ. அனுப்பும் தொகுதி மடலில் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் எட்டுப் பக்க மடல் ஒன்று அனுப்புகிறார். புறவழிச்சாலை வரை தார்ச்சாலை, ரயில்வே மேம்பாலம், கூட்டுக் குடிநீர், அரசுக் கல்லூரி, ரேஷன் கடைக் கட்டடம், மகளிர் உரிமைத் தொகை, சட்டமன்றத்தில் பேசிய பேச்சு என்று இருபத்திரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் இரண்டோ மூன்றோதான் கண்ணில் படுகிறது, அப்படியென்றால் மீதியெல்லாம் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலையும் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது ஒன்று. அதில் எம்.எல்.ஏ.வின் கை எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் கண்டுபிடிக்கலாம், இரண்டாவதற்குப் பாதிதான் முடியும். ஏன் பாதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். நடுவில் ஆறு வருடம் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் தொகுதி மேம்பாட்டு நிதிக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இரண்டு கட்சிகளையும் சேர்ந்த எம்.எல்.ஏ.க்கள் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களை அங்கே கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். ஆகவே கிராமம், ஒன்றியம், பேரூராட்சி அளவில் சொல்வதை அனுபவத்தில் சொல்கிறேன். மாநகராட்சிக்குள் நான் வேலை பார்த்ததில்லை, கட்சிக்குள் யார் யாருக்கு என்ன சொல்லி எந்த வேலை நடக்கிறது என்பதும் என் மேசைக்கு வந்ததில்லை.

சரி, மடலைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் கடைசிச் சொல்லை மட்டும் ஒரு பேனாவால் கோடிடுங்கள். வலியுறுத்தினேன், பரிந்துரைத்தேன், கோரிக்கை வைத்துள்ளேன், அறிவிக்கப்பட்டுள்ளது, ஒப்புதல் பெறப்பட்டுள்ளது, பூமி பூஜை நடைபெற்றது, பணிகள் நடைபெற்று வருகின்றன, பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கோப்பு எங்கே படுத்திருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். எழுதியவருக்கு அது நன்றாகத் தெரியும், படிக்கிற நமக்குத்தான் எல்லாம் ஒரே மாதிரிச் சாதனையாகத் தெரிகிறது. வெளிப்படையான பொய்யை நான் இம்மாதிரி மடல்களில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ‘வலியுறுத்தினேன்’ என்பதற்கும் ‘பயன்பாட்டுக்கு வந்தது’ என்பதற்கும் நடுவில் ஏழெட்டு வருடம் இருக்கலாம், இரண்டும் ஒரே எழுத்தளவில் ஒரே வண்ணத்தில் அச்சாகி வரும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு வேலை எப்படி நகரும் என்று பார்த்தால் இது புரியும். யாரோ ஒருவர் மனு கொடுக்கிறார், அதன் மேல் எம்.எல்.ஏ. தன் லெட்டர்பேடில் பரிந்துரை எழுதுகிறார். துறை பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுகிறார். அப்புறம் நிர்வாக அனுமதி, அதாவது இந்த வேலைக்கு இவ்வளவு பணம் என்று அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்ட ஆணை. அலுவலகத்தில் நாங்கள் இதை ‘ஏ.எஸ்.’ என்போம். அடுத்து தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர், ஒப்பந்தம், வேலை உத்தரவு. பூமி பூஜை முறைப்படி இதற்குப் பிறகுதான் வர வேண்டும். வேலை நடக்க நடக்க அளவெடுத்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார்கள், அதைப் பார்த்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் போகும். இத்தனை படியில் ஏ.எஸ். வருவதற்கு முன்னால் இருப்பதெல்லாம் ஆசை. ஏ.எஸ். வந்த பிறகுதான் அது அரசாங்கத்தின் வேலை. கோப்பு பார்த்தவனாக என் கணக்கு இது. ஆகவே ‘ஒப்புதல் பெறப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தால் எந்த ஒப்புதல், ஆணை எண் என்ன, தேதி என்ன என்று கேட்க வேண்டும். ‘கொள்கை அளவில் ஒப்புதல்’ என்று பதில் வந்தால் பணம் இன்னும் ஒதுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ.வின் கை நேரடியாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது, அதற்கு முன் இரண்டரைக் கோடி, அதற்கும் முன் 2 கோடி. இந்தப் பணம் அவர் கைக்கோ கணக்குக்கோ போவதில்லை. எந்த வேலை, எந்த இடத்தில் என்று அவர் எழுதிக் கொடுப்பார். இடம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமா, விதிக்குள் வருகிறதா என்று பார்த்து ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார், ஒன்றியமோ நகராட்சியோ செய்து முடிக்கும். தனியார் இடத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது. 2021 தேர்தலில் மாநிலத்தில் சுமார் 6.28 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். 234 தொகுதிக்கு வகுத்தால் சராசரி 2.7 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 3 கோடியை அதால் வகுத்துப் பாருங்கள், ஒரு வாக்காளருக்கு வருடத்துக்கு நூற்றுப் பத்து ரூபாய்ச் சொச்சம். இந்தப் பணத்தில் கல்லூரியும் வராது, மேம்பாலமும் வராது. ரேஷன் கடைக் கட்டடம், நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, ஆழ்துளைக் கிணறு, தெருவுக்குப் பேவர் பிளாக், இவைதான் வரும். ஊரில் பேருந்தே வராத சாலையில் புது நிழற்குடையும், அதன் நெற்றியில் நிழற்குடையை விடப் பெரிய எழுத்தில் பெயரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கிண்டல் செய்வது எளிது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சீக்கிரம் முடியும், புகைப்படம் எடுக்கலாம், நிலப் பிரச்சினை வராது என்று அதைத் தேர்ந்தெடுக்க வைப்பதில் எங்கள் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு. நிதியாண்டு முடியும் நேரத்தில் ‘இதைப் போட்டால் மார்ச்சுக்குள் முடித்துவிடலாம் சார்’ என்று நாங்களே சொல்லிக் கொடுத்த சந்தர்ப்பங்கள் நிறைய.

உங்கள் மடலில் உள்ள ரேஷன் கடைக் கட்டடம் இந்த வகை. அதற்கு அவரைப் பாராட்டலாம், தயங்க வேண்டாம். கட்டடத்தில் கடை திறந்துவிட்டதா, இல்லை கட்டடம் மட்டும் நின்று கடை இன்னும் வாடகை வீட்டில் நடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். மின் இணைப்புக்காக ஏழு மாதம் பூட்டிக் கிடந்த ஒரு கடையை நான் வேலை பார்த்த ஒன்றியத்திலேயே பார்த்திருக்கிறேன்.

சாலைக்கு வருவோம். ‘அமைக்கப்பட உள்ளது’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள், செய்பவர் யார் என்று சொல்லாத வாக்கியம். யார் அமைக்கப் போகிறார்கள்? முதலில் அது யாருடைய சாலை என்று தெரிய வேண்டும். ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை, பேரூராட்சிச் சாலை என்று பிரிந்து போகும். மக்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே தார்தான், ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தை மூட உங்கள் எம்.எல்.ஏ.வால் கடிதம்தான் எழுத முடியும். ஒன்றியச் சாலை என்றால் ஆட்சியர் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி ஒரு திட்டத்தில் சேர்க்க வைக்கலாம். நீங்கள் சொல்கிற புறவழிச்சாலை இணைப்பில் பெரும்பாலும் முதல் பாதி ஒன்றியத்துடையதாகவும் மறுபாதி நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கும். பாதி வழியில் சாலை நன்றாக இருந்து சட்டென்று குண்டும் குழியுமாக மாறும் இடம்தான் எல்லை, அதற்கு வரைபடமே தேவையில்லை.

ரயில்வே மேம்பாலத்தில் வினைச்சொல் ‘வலியுறுத்தினேன்’. நேர்மையான சொல். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே பார்க்கும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை பார்க்கும். செலவை ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொள்வதுதான் பழைய வழக்கம். தண்டவாளத்துக்கு மேல் பாலம் முடிந்து, இரு பக்கமும் நிலம் எடுக்காததால் அந்தரத்தில் நிற்கும் பாலங்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு அரசாங்கங்கள் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் தாமதம் கூட்டல் கணக்கில் வராது, பெருக்கல் கணக்கில்தான் வரும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை நினைத்துப் பாருங்கள், மாநில அரசு 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்துவிட்டது, பக்கத்தில் வர வேண்டிய ரயில் நிலையம் அன்றைக்கு இல்லை, அதற்கு அப்புறமும் நெடுநாள் வரவில்லை. மதுரை எய்ம்ஸுக்குப் பிரதமர் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார், கட்டட வேலை 2024-இல்தான் தொடங்கியது. அடிக்கல்லைப் பார்த்து வருடத்தை எண்ணத் தொடங்கினால் நமக்குத்தான் மன உளைச்சல். மேம்பாலம் விஷயத்தில் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய உருப்படியான கேள்வி ஒன்றுதான், நில எடுப்புக்குப் பணம் ஒதுக்கி ஆணை வந்துவிட்டதா? வந்திருந்தால் வேலை உயிரோடு இருக்கிறது.

குடிநீரில் ‘விரைவில் நிறைவடையும்’ என்று எழுதியிருக்கிறார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைச் செய்வது குடிநீர் வடிகால் வாரியம். ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, ஊர் மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவந்து விடுவார்கள். தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவது ஊராட்சியின் பொறுப்பு. ஆக திட்டம் ‘நிறைவடைந்தது’ என்று வாரியம் சொல்வதும் உண்மை, ‘தண்ணி வரல’ என்று நீங்கள் சொல்வதும் உண்மை. நடுவில் ஒரு பழைய குழாய், ஒரு மோட்டார், ஒரு தொட்டி இயக்குபவரின் சம்பள பாக்கி இப்படி ஏதாவது சின்ன விஷயம் இருக்கும், அதற்கு எம்.எல்.ஏ. வரை போக வேண்டியதே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர் விநியோகம் எல்லாம் உள்ளாட்சியின் வேலை. 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஆனால் உள்ளாட்சியில் ஆளே இல்லாத காலமும் நமக்கு உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. அந்த 2019 தேர்தலில் 27 மாவட்டங்களில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் என்றால் யார்? என்னைப் போன்ற ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர், முப்பது நாற்பது ஊராட்சியைத் தோளில் போட்டுக்கொண்டு. பல்பு போனதற்கு மக்கள் யாரிடம் போவார்கள்? எம்.எல்.ஏ. ஆபீஸுக்குத்தான். அவரும் ‘என் வேலை இல்லை’ என்று சொல்ல முடியாமல் ஒரு போன் போடுவார், அது மடலில் ‘தெருவிளக்கு வசதி செய்து தரப்பட்டது’ என்று வரும். தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பல்புக்குப் போன் போடுவதிலேயே ஐந்து வருடம் கழிந்துவிட்டால் சட்டமன்ற வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வி எனக்கு இருந்துகொண்டே இருக்கும்.

மகளிர் உரிமைத் தொகையை ‘பெற்றுத் தந்துள்ளேன்’ என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. 2023 செப்டம்பர் 15-இல் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது தகுதி விதிகளைத் தெளிவாகவே அறிவித்தார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்குள் என்று. விண்ணப்பம் தள்ளுபடியானால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். இந்தச் சங்கிலியில் எம்.எல்.ஏ. கையெழுத்துக்கு இடமே இல்லை. விதிப்படி கிடைத்த பணத்தை ஒருவர் ‘பெற்றுத் தந்தேன்’ என்று சொன்னால், கிடைக்காதவர்களுக்கு ‘அவரைப் பார்த்தால் கிடைக்கும்’ என்று தோன்றும். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவர் கட்சி அலுவலக வாசலில் நிற்பார், மேல்முறையீட்டுக்கு உள்ள நாட்கள் போய்விடும். முகாம் நடத்தி விண்ணப்பம் எழுத உதவினேன் என்று எழுதியிருந்தால் அது நல்ல வேலை, அப்படியே எழுதலாமே. பட்டாவுக்கும் இதே கதைதான், தாசில்தார் கொடுப்பது. நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று எந்த எம்.எல்.ஏ. சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

கல்லூரி ‘அறிவிக்கப்பட்டுள்ளது’. அறிவிப்பு எங்கே வந்தது என்று பாருங்கள். பட்ஜெட் உரையிலா, துறைக்கு வேண்டிய பணத்தைப் பேரவையில் கேட்கும் மானியக் கோரிக்கையின் போது அமைச்சர் படித்த அறிவிப்பிலா, பேரவை விதி 110-இன் கீழ் படித்த அறிக்கையிலா? விதி 110-இல் படிக்கும் அறிக்கை மீது பேரவையில் விவாதம் கிடையாது, படிப்பதோடு சரி. எங்கே அறிவித்தாலும் அதற்குப் பிறகு அரசாணை வர வேண்டும், ஆசிரியர் பணியிடங்களுக்கு அனுமதி வர வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும். கல்லூரி பல ஊர்களில் முதல் வருடம் ஏதாவது ஒரு பள்ளிக் கட்டடத்தில் தொடங்கிவிடும், சொந்தக் கட்டடம் பின்னால் மெதுவாக வரும். ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கையின் போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வரும், அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. அடுத்த வருடப் புத்தகத்தில் முந்தைய வருட அறிவிப்புகளின் நிலை என்ன என்று இருக்கிறதா எனத் தேடுங்கள். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிட வேலை.

சட்டமன்றத்தில் பேசியதைப் பற்றி. கேள்வி நேரத்தில் ‘எங்கள் தொகுதியில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா?’ என்று உறுப்பினர் கேட்பார், ‘நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் எழுந்து சொல்லி உட்காருவார். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையிலும் வந்ததால் பலரும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பதிலை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம், ‘பரிசீலிக்கப்படும்’ என்பதற்கும் ‘இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகைப் பதில் உறுதிமொழி. அதை நிறைவேற்றினார்களா என்று பார்க்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மனுக்கள் குழு என்று இன்னொன்று மாவட்டம் மாவட்டமாக வரும், பொதுமக்கள் நேரடியாக மனு கொடுக்கலாம். அந்தக் குழு வருகிறது என்று தெரிந்தால் மாவட்ட அலுவலகங்களில் தூசி தட்டப்படும் கோப்புகளின் எண்ணிக்கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் எம்.எல்.ஏ. எந்தக் குழுவில் இருக்கிறார், அதில் என்ன செய்தார் என்று மடலில் ஒரு வரியாவது இருக்கிறதா? பொதுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்து தணிக்கை அறிக்கையைப் படிப்பதை யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. நல்ல சட்டமன்ற வேலை நடப்பது அங்கேதான்.

‘மசோதாவை ஆதரித்து வாக்களித்தேன்’ என்பதற்கு மட்டும் அதிக மதிப்பெண் போடாதீர்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம், ஆகவே அது அவருடைய முடிவு என்பதை விடக் கட்சியின் முடிவு. மசோதா நிறைவேறினால் சட்டமாகிவிட்டது என்றும் இல்லை. நீட் விலக்கு மசோதாவைப் பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவருக்குப் போனது, ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் சொன்னார். ‘நிறைவேற்றினோம்’ என்ற சொல் முழுக்க உண்மை, சட்டம்தான் இல்லை.

இப்போது அந்தப் பாதிக் கேள்விக்கு வருகிறேன். யாரால் வந்தது? ஒரு சாலைக் கோப்பைத் திறந்தால் எம்.எல்.ஏ. கடிதம் இருக்கும், எம்.பி. கடிதம் இருக்கும், ஒன்றியத் தலைவர் தீர்மானம் இருக்கும், கிராம சபைத் தீர்மானம் இருக்கும், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐந்து வருடமாகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் நகல் இருக்கும். இவற்றில் எது கோப்பை நகர்த்தியது என்று கோப்பைக் கையில் வைத்திருந்த எனக்கே பல தடவை தெரிந்ததில்லை. பவானி ஆற்றின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள், பல பத்தாண்டுக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் ஒரு முதல்வர் அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்ட் 17-இல் வேறு ஒரு முதல்வர் தொடங்கிவைத்தார், இரண்டு கட்சியும் தங்களுடையது என்றன. நடுவில் விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் யார் கணக்கு? ஆகவே ‘இது அவரால்தான்’ என்று சொல்பவரையும் ‘அவர் ஒன்றுமே செய்யவில்லை’ என்று சொல்பவரையும் நான் ஒரே அளவு சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஆனாலும் வேலை செய்யும் எம்.எல்.ஏ.வை எங்களுக்கு அடையாளம் தெரியும். நான் பணியாற்றிய ஒரு இடத்தில் ஒருவர் இருந்தார், எதிர்க்கட்சிக்காரர், பேச்சு அவ்வளவு வராது. நீள நோட்டு ஒன்றில் ஒவ்வொரு வேலைக்கும் கோப்பு எண், யார் மேசையில் இருக்கிறது, என்ன ஆட்சேபணை என்று எழுதி வைத்திருப்பார். ‘அந்த வகுப்பறைக் கட்டடம் என்னாச்சு?’ என்று கேட்கமாட்டார். ‘சர்வே எண்ல ஓடைப் புறம்போக்குன்னு வந்திருக்காமே, வேற இடம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு மேற்கால இருக்கு, நாளைக்கு வி.ஏ.ஓ.வைக் கூட்டிட்டு வந்து காட்டட்டுமா?’ என்று கேட்பார். பதினான்கு மாதம் எங்களிடம் தூங்கிய கோப்பு அது, தப்பு எங்கள் பக்கம்தான், முதலிலேயே நிலப் பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவர் வந்து மூன்று வாரத்தில் ஏ.எஸ். போட்டோம்.

உங்கள் மடலைச் சரிபார்க்க விரும்பினால் இருபத்திரண்டையும் எடுக்காதீர்கள், உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய இரண்டை எடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் திட்டப் பெயர், மதிப்பீடு, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் எழுதிய பலகை இருக்க வேண்டும், இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் டெண்டர் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எம்.எல்.ஏ.வுக்கு இல்லை, வேலையைச் செய்யும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டு எழுதினால் உபயோகமான பதில் வராது, நானே அப்படிப்பட்ட மனுக்களுக்கு ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறேன். நிர்வாக அனுமதி ஆணையின் நகல், மதிப்பீட்டுத் தொகை, வேலை உத்தரவின் தேதி, முடிக்க வேண்டிய தேதி, இதுவரை கொடுத்த பில் தொகை என்று ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். கிராமமாக இருந்தால் கிராம சபையிலும் கேட்கலாம், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள், எழுதாமல் பேசிவிட்டு வருவது டீக்கடையில் பேசியது மாதிரிதான்.

எம்.எல்.ஏ.வுக்கும் பதில் எழுதுங்கள். திட்டி வேண்டாம், ‘மடல் கிடைத்தது ஐயா, பக்கம் மூன்றில் உள்ள இணைப்புச் சாலைக்கு நிர்வாக அனுமதி ஆணை எண்ணும் தேதியும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்’ என்று இரண்டு வரி. ஆணை இருந்தால் அவருடைய உதவியாளர் அன்றைக்கே அனுப்பிவிடுவார், அவருக்கும் அதில் பெருமைதான். இல்லாவிட்டால் ‘விரைவில்’ என்று பதில் வரும், அதுவும் ஒரு தகவல். எண் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், அது எந்தத் திட்டத்தில் வருகிறது, அடுத்து யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.